ஒன்பதாவது பாதை

என் வீட்டு மாடியில் குடியிருந்தவர்கள் யாரும் சோடை போனதில்லை. ஒரு பேங்க் மேனேஜர் இருந்தார், வந்த வேகத்தில் பிரமோஷன் வாங்கிக்கொண்டு போனார். ஒரு டாக்டரும் அவர் மனைவியும் இருந்தார்கள், இன்றைக்குச் சொந்த ஆஸ்பத்திரி. ராசியான மாடி என்று சிவகாசியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த மாடியில் குடியிருந்துகொண்டு, கீழே என் சொந்த வீட்டிலேயே என்னை நிம்மதியாக உட்காரவிடாமல் செய்தவர் ஒருவர்தான். ஒரு கணக்கு டீச்சர்.

பெயர் வேண்டாம். இதை எங்காவது பார்த்தாரென்றால், பெயரில் இருக்கிற எழுத்துகளை எத்தனை விதமாக மாற்றி அடுக்கலாம் என்று நடக்க ஆரம்பித்துவிடுவார்.

ஆமாம், நடைதான். நாற்பதைத் தாண்டிய வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாசரேத் பக்கத்துக்காரர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. பருத்திச் சேலை, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த செருப்பு. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. யோசனை வந்தால் எழுந்துவிடுவார், எழுந்தால் நடப்பார். அவர் நடப்பது மேலே, கேட்பது கீழே எனக்கு. காலை பேப்பரைப் பிரித்தால் தலைக்கு மேல் தட், தட். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் தட், தட்.

கேட்டுக் கேட்டு, எந்தக் கணக்குக்கு எந்த நடை என்று எனக்கே பிடிபட்டுவிட்டது. எண்களைப் பற்றின கணக்கென்றால் குட்டிக் குட்டி எட்டு, வேகம். வடிவக் கணக்கென்றால் அறையைச் சுற்றிச் சுற்றி வருவார். இயற்கணிதம் என்றால் சுவருக்குச் சுவர் நேராகப் போய்வருவார். இந்தப் பக்கம் எதைச் செய்தாலும் அந்தப் பக்கமும் செய்தாக வேண்டுமாம். நிகழ்தகவு என்று ஒன்று உண்டு, நம் பாஷையில் சான்ஸ் கணக்கு. அதற்கு நாலு எட்டு வைப்பார், நிற்பார்; ரெண்டு எட்டு, திரும்பவும் நிற்பார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கணிதத்தில் என்னென்ன கிளை இருக்கிறதென்று மாடித் தரை வழியாகவே படித்தவன் இந்தத் தாலுகாவில் நான் ஒருவன்தான்.

வீடு கேட்டு வந்த அன்றைக்கே எங்களுக்குள் முட்டல். புது ஆட்கள் வந்தால் நான் யார் என்று தெரியவைப்பது என் பழக்கம். "டீச்சர், எதாவது ரெண்டு நம்பர் சொல்லுங்க, பெருக்கிச் சொல்றேன். பேனா வேணாம், பேப்பர் வேணாம்" என்றேன். சொன்னார். கண் மூடித் திறப்பதற்குள் விடை சொன்னேன். பேங்க் மேனேஜர் இதற்குக் கைதட்டியிருக்கிறார்.

இவர் தட்டவில்லை. "நல்லாத்தான் செய்றீக அண்ணாச்சி. ஆனா இது மூட்டை தூக்குற மாதிரி. தூக்கிட்டீக, இறக்கிட்டீக. கணக்கு இதுக்கப்புறம்தான இருக்கு."

"கணக்கு இது இல்லாம பெறகு எது?"

"ஏன் அப்பிடி வருது? எப்பவும் அப்பிடித்தான் வருமா? இது ரெண்டுந்தான் கணக்கு."

வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரனைச் சுமைதூக்கி என்கிறார். எனக்குச் சுர்ரென்றது. என் மனைவிதான், "டீச்சருன்னா அப்பிடித்தாங்க பேசுவாக, சாவியக் குடுங்க" என்றாள். கொடுத்துவிட்டேன்.

அன்று முதல் அந்த இரண்டு கேள்விகளும் எங்கள் வீட்டில் குடிவந்தன. ஏன்? எப்பவுமா?

ஒரு நாள் என் மனைவி தாம்பாளத்தில் அதிரசம் அடுக்கிக்கொண்டிருந்தாள். வரிசை வரிசையாக அடுக்கினால்தான் அவளுக்குத் திருப்தி. அன்றைக்கு எப்படி அடுக்கினாலும் ஒன்று மிஞ்சியது. டீச்சர் மோர் வாங்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, அது அடங்காது. சில எண் அப்பிடித்தான். ஒத்தை வரிசையா வேணும்னா நிக்கும். சமவரிசையா கட்டம் கட்ட ஒத்துக்கிடாது. பகா எண்ணுன்னு பேரு."

"பிடிவாதம் பிடிச்சதுகளா? எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு" என்று என்னைப் பார்த்தாள். "பெரிய பெரிய எண்ணா போகப் போக அடங்கிருமா டீச்சர்?"

"அதுதான் அக்கா அதிசயம். எம்புட்டுத் தூரம் போனாலும் அதுக்கு அங்கிட்டும் ஒரு பிடிவாதக்காரன் நிப்பான். ஓயவே ஓயாது. யாரும் போய்ப் பாத்து வந்து சொல்லலை. போகாமலே தெரியும்."

"போகாம எப்பிடித் தெரியும்?"

அவ்வளவுதான். மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நடக்க ஆரம்பித்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். அவர் சொன்னது முழுக்க எனக்குப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். எல்லாப் பிடிவாதக்காரர்களையும் பெருக்கி, கூட ஒன்றைச் சேர்த்தால், பழைய ஆள் யாராலும் அதை வகுக்க முடியாமல் புது ஆள் ஒருவன் வந்தே தீர வேண்டும் என்றார். என் மனைவி ஒரு அதிரசத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இப்ப வரிசை சரியா வருது, சாப்பிடுங்க" என்றாள். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு தெரு வரைக்கும் கேட்டது.

எங்கள் ஊரில் பட்டாசுத் தொழிற்சாலையைப் பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாரணாபுரத்தில் என் முதல் பயர் ஆபீசை அவருக்குச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். எங்கள் போர்மேன் வெடி சோதிக்கிற நேரம். வரிசையாகச் சில வெடி புஸ்ஸென்று போய்விட்டது. "இம்புட்டு புஸ்ஸாயிருச்சுல்ல, அடுத்தது கண்டிப்பா வெடிக்கும் முதலாளி" என்றார் போர்மேன்.

டீச்சர் விடவில்லை. "ஏன் வெடிக்கணும்? முன்னாடி போனது புஸ்ஸுன்னு இதுக்கு யாரு சொன்னா? வெடிக்கு ஞாபகசக்தியா இருக்கு?"

அடுத்தது வெடித்துத் தொலைத்தது. போர்மேன் மீசையைத் தடவினார். டீச்சரோ, "வெடிச்சதால நீங்க சொன்ன காரணம் சரியாயிராதுல்ல" என்று அவர் பின்னாலேயே போய்க் குடைந்தெடுத்துவிட்டார். அந்த ஆள் மறுநாள் லீவு.

இன்னொரு தடவை. விருதுநகரில் பெரிய இடத்துக் கல்யாணம், வாணவேடிக்கை என் கம்பெனி ஆர்டர். வானத்தில் வெடித்து இதய வடிவில் நிற்கிற ஷெல் என்னுடைய ஸ்பெஷல். இந்த வட்டாரத்தில் அதை முதலில் சரியாகக் கொண்டுவந்தவன் நான்தான், வேறு யாரும் சொன்னால் நம்பாதீர்கள். வேடிக்கை முடிந்ததும் பெண் வீட்டார் ஆகா ஓகோ என்றார்கள். பக்கவாட்டில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டாரோ சண்டைக்கு வந்துவிட்டார்கள். "அவுகளுக்கு இதயம், எங்களுக்கு மட்டும் வெளக்கமாத்துக் குச்சியா?"

வீட்டில் வந்து சொன்னபோது டீச்சர் துள்ளிவிட்டார். அடுத்த நாளே பொழுது சாயும் நேரத்துக்கு என்னைக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், என் கம்பெனி மேனேஜரைப் பக்கவாட்டுக் கரையில் நிறுத்தச் சொன்னார். ஒரு ஷெல் ஏறி வெடிக்கும், உடனே போன்.

"ஏலே, என்ன தெரியுது?"

"கோடு தெரியுது முதலாளி. ஒத்தைக் கோடு."

எங்கள் பக்கம் இதயம் அழகாக நின்றது. பிறகு சாதாரண உருண்டை ரகம் ஏறியது. "இப்ப?" "வட்டம் முதலாளி." எங்களுக்கும் வட்டம். நான்கு பக்கமும் ஆள் மாற்றி நிறுத்திப் பார்த்தார். எல்லாருக்கும் வட்டம்.

"பாத்தீகளா அண்ணாச்சி. எந்தப் பக்கம் நின்னாலும் வட்டமா முகம் காட்டுறது உருண்டை ஒண்ணுதான். வேற எந்த உருவத்துக்கும் அந்தக் குணம் கிடையாது. உங்க இதயம் தட்டையானது. எல்லாருக்கும் ஒண்ணு போல காட்ட அதால ஆகாது."

ஊரே கலரைப் பார்க்கும். இவர் வானத்தில் கலர் இருந்ததையே கவனித்திருக்க மாட்டார்.

"கணக்கு மேல இம்புட்டு கிறுக்கு எதுக்கு டீச்சர்?" என்று அன்றைக்குக் கேட்டேவிட்டேன். கரையில் இங்கும் அங்குமாக நடந்துகொண்டே சொன்னார். "மத்த எல்லாத்துலயும் மனசுக்குப் பிடிச்சத நம்பிட்டுப் போயிரலாம் அண்ணாச்சி. இதுல மட்டும் நானே என்னை ஏமாத்த முடியாது. அது ஒரு சொகம். அந்தச் சொகம் கிடைக்கிற வரைக்கும் ஒரே நமைச்சல்."

அந்த நமைச்சல் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

வெம்பக்கோட்டைப் பக்கம் இடம் வாங்கிப் புது பயர் ஆபீஸ் கட்ட ஆரம்பித்த சமயம். அதில் எனக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. வாலிப வயதில் எம். புதுப்பட்டியில் ஒரு பயர் ஆபீசில் வேலை பார்த்தேன். திரித் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறேன், குறுக்குப் பாதையில் வெடிமருந்து வண்டி வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மோதினோம், வெடித்தது. என் இடது கை விரல்களில் சில இன்றும் மடங்காது. வண்டி தள்ளி வந்தவர் வீடு திரும்பவில்லை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவர். அதனால் புது இடத்துப் பூமி பூஜையில் வேலைக்கு வரப்போகிற பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்: "என் பயர் ஆபீசில ஒரு பாதைய இன்னொரு பாதை வெட்டாது. ஒருத்தர் வழியில ஒருத்தர் குறுக்க வர மாட்டாக. இது என் வாக்கு."

சாமான் வைக்கிற இடம் மூன்று: மருந்து ஒன்று, காகிதக் குழாய் ஒன்று, திரி ஒன்று. வேலை நடக்கிற அறை மூன்று: புஸ்வாணம், சக்கரம், குண்டு வெடி. ஒவ்வொரு அறைக்கும் மூன்று சாமானும் போக வேண்டும். மருந்து போகிற தடத்தில் வேறெதுவும் போகக் கூடாது. ஆக ஒன்பது பாதை. எதுவும் எதையும் வெட்டக் கூடாது. இதில் என்ன பெரிய சங்கதி என்று பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு வரைந்தேன். எட்டுப் பாதை ஜம்மென்று வந்தது. ஒன்பதாவது இடித்தது. அழித்துவிட்டு அறைகளை இடம் மாற்றினேன், இடித்தது. மருந்தை வடக்கே தூக்கினேன், இடித்தது. சாப்பிடும்போது சோற்றில் விரலால் கோடு கிழித்தேன். காரில் போகும்போது கண்ணாடியில் ஆவி விட்டுக் கிழித்தேன். ஒரு வாரம் மாடியிலும் நடை, கீழேயும் நடை. "இந்த வீட்டுல உக்காந்திருக்கிறது நான் ஒருத்திதான்" என்றாள் என் மனைவி.

டீச்சர் ஒருநாள் மாடிப்படியில் இறங்கிவந்து தாளை எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அந்தச் சிரிப்பு.

"அண்ணாச்சி, இது ரொம்பப் பழைய புதிரு. இது ஆகாது."

"புதிரில்ல டீச்சர், இது என் பயர் ஆபீசு. யாரால ஆகாது?"

"யாராலயும். எப்பவும்."

"எனக்கு ஆகாதுன்னு சொன்னவுகள்லாம் இன்னைக்கு என் வாசல்ல நின்னு ஆர்டர் கேக்காக."

"அவுக உங்களப் பாத்துச் சொன்னாக. நான் பாதையப் பாத்துச் சொல்றேன். அக்கா, ஆறு டம்ளர் தாங்க."

என் மனைவி மூன்று எவர்சில்வர் டம்ளரும் மூன்று பித்தளை டம்ளரும் கொண்டுவந்தாள். சில்வர் சாமான் இடம், பித்தளை வேலை அறை. டீச்சர் அவற்றை ஒன்று விட்டு ஒன்றாக வட்டமாக வைத்தார். நூலால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இணைத்துக்கொண்டே போய் வளையத்தை மூடினார்.

"ஆறு பாதை வந்திருச்சு. பாக்கி மூணு. மூணும் எதிரெதிர் டம்ளருக்குப் போகணும். ஒண்ணப் போடுங்க."

வளையத்துக்கு நடுவே குறுக்காக ஒரு நூலைப் போட்டேன்.

"அடுத்தது?"

உள்ளே போட்டால் முதல் நூலை வெட்டும். அதனால் வெளியே சுற்றிக் கொண்டுவந்தேன். பெருமையாகத்தான் பார்த்தேன்.

"நல்லது. மூணாவது?"

உள்ளே வெட்டியது. வெளியே வெட்டியது. சோபாவைச் சுற்றிப் பார்த்தேன். அலமாரிக்குப் பின்னால் நூலை விட்டு எடுத்தேன். அவர் பொறுமையாக நடந்துகொண்டிருந்தார்.

"வளையத்த நீங்க எப்பிடி வேணா நெளிங்க, நீட்டுங்க. இந்தக் கணக்குல நீளமும் கிடையாது, கோணமும் கிடையாது. இடவியல்னு பேரு. உள்ள, வெளிய, ரெண்டே இடம். ஒரு இடத்துல ஒருத்தருக்குத்தான் வழி. ஆளு மூணு பேரு."

"மேல பாலம் கட்டிட்டா?" என்றாள் என் மனைவி.

"மருந்தத் தூக்கிட்டுப் படியேறப் போறது யாரு, நீயா?" என்றேன். அவள் டம்ளரைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

புரிந்தது. புரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாக்குக் கொடுத்தது நான், டம்ளர் இல்லை. பிளான் போடுகிற இன்ஜினீயர் ஒருவரைப் பிடித்தேன். கேட்டதும், "என்ன அண்ணாச்சி, இதுக்குப் போயா" என்றார். சொன்ன வாரத்தில் பிளான் வந்தது. ஒன்பது பாதை. ஒன்றையொன்று தொடவில்லை.

மாடிக்கு நானே ஏறினேன். பிளானை அவர் மேசையில் விரித்தேன். "என்னமோ யாராலயும் ஆகாதுன்னீக?"

அவர் விரலை வைத்து ஒவ்வொரு பாதையாகப் போனார். ஒன்பதாவதில் விரல் நின்றது. ஆளும் நின்றார்.

"அண்ணாச்சி, குண்டு வெடி ரூமுக்கு மருந்து போற இந்தப் பாதை புஸ்வாண ரூம் வராண்டா வழியா போகுது."

"போகட்டுமே. எந்தப் பாதையவும் வெட்டலைல்ல?"

"அந்த வராண்டாவுல யாரு உக்காருவா?"

"குழாய் அடுக்குற பொம்பளையாளுக. மருந்து வண்டி வர்ற நேரம் எந்திரிச்சு ஒதுங்கிக்கிடுவாக."

"வெட்டு ஒண்ணு இருந்தே ஆகணும். பிளான் போட்டவரு அதை அழிக்கல, ஒளிச்சு வச்சிருக்காரு. ஒளிச்ச இடத்துல ஆளு இருக்கு."

"டீச்சர், நீங்க ஸ்கூலப் பாருங்க. சீசனுக்கு முன்னாடி நான் கட்டி முடிக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அதன்பிறகு மாடியில் நடைச் சத்தம் இல்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. மேலே பார்த்தபடியே பேப்பர் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. வெம்பக்கோட்டைப் பொட்டலில் சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போட்டாகிவிட்டது. கொத்தனார் ஆட்கள் மண் வண்டி தள்ளிக்கொண்டிருந்தார்கள். புஸ்வாண அறைக்கு வரப்போகிற மாரியம்மாளும் இன்னும் சில பெண்களும் கருவேல முள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயில். தூரத்தில் ஒரு குடை வந்தது. டீச்சர். சர்ச்சு முடிந்து பஸ் பிடித்து, ரோட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

என்னைத் தாண்டி நேராக உள்ளே போனார். கையிலிருந்த, அன்றைக்கு நான் அவர் மேசையிலேயே விட்டு வந்த பிளான் நகலையும் தரையிலிருந்த கோடுகளையும் பார்த்துப் பார்த்து நடந்தார். புஸ்வாண அறை வராண்டா வரப்போகிற இடத்துக்கு வந்தார். குடையை மடக்கினார். உட்கார்ந்தார்.

நாற்காலியில் உட்காராத மனுசி, சுட்ட மண்ணில், சம்மணம் போட்டு.

கொத்தனாரின் மண் வண்டி அந்தக் கோட்டு வழியாகவே வந்தது. அவருக்கு முன்னால் நின்றது. "டீச்சரம்மா, கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார் தள்ளி வந்தவர்.

"நான் குழாய் அடுக்கிட்டு இருக்கேன். மடியில குழாய், கையில பசை, பின்னாடி சுவரு. எந்தப் பக்கம் ஒதுங்கணும்?"

"என்ன டீச்சர் இது, ஆளுக முன்னாடி!" என்று ஓடினேன். "எந்திரிங்க. வெயிலு மண்டையப் பிளக்குது."

"எப்பவும் ஒதுங்கிருவாகன்னு சொன்னீகள்ல. எப்பவுமா அண்ணாச்சி? ஒரு நாள் கூடத் தவறாமயா? ஒருத்திக்குக் கால் மரத்திருந்தா? ஒருத்தி பேச்சு சுவாரசியத்துல இருந்தா?"

வண்டிக்காரர் இறக்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் என்னைப் பார்த்தார். பெண்கள் முள்ளைப் போட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். மாரியம்மாளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "முதலாளி, இவுக உக்காந்திருக்கிறது என் இடமா?" என்றாள்.

சுண்ணாம்புக் கோடு போகிற வழியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாத வெட்டாதுன்னுதான சொன்னீக. ஆளு மேல போகும்னு சொல்லலையே."

கெட்டிக்காரத்தனமாக எதையாவது சொல்லிச் சமாளிக்கிறவன் நான். ஜப்தி செய்ய வந்தவர்களையே காபி கொடுத்துத் திருப்பி அனுப்பியவன். அன்றைக்கோ என் இடது கை தன்பாட்டுக்கு இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. டீச்சரின் முகத்தில் வேர்வை வழிந்தது. கோபம் இல்லை. அவர் கெஞ்சவும் இல்லை. அசையாமல் இருந்தார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சரி டீச்சர். ஒரு வெட்டு இருந்தே தீரும். தப்ப வழியில்ல. அம்புட்டுதான?"

"ஒண்ணு இருந்தே தீரும். ஆனா ஒண்ணு போதும்."

"அது எங்கன வரணும்னு உங்க கணக்குல விதி எதும் இருக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் அந்த வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். "இல்ல அண்ணாச்சி! எங்கன வேணா வைக்கலாம். அது நம்ம இஷ்டம்!"

எழுந்தார். சேலையில் ஒட்டின மண்ணைக்கூடத் தட்டவில்லை. நடக்க ஆரம்பித்தார். அறைகளை விட்டு விலகி, சாமான் இடங்களை விட்டு விலகி, பொட்டலின் நடுப்பகுதிக்கு. நானும் பின்னாலேயே ஓடினேன்.

"இங்கன!" என்று ஒரு இடத்தில் நின்றார்.

"இங்கன வச்சா மழைக்குத் தண்ணி நிக்கும். அங்கன தள்ளுங்க."

"அங்கன போனா குண்டு வெடி ரூமுக்குப் பக்கமாயிரும். பாதைய வளைங்க. வளைச்சா ஒண்ணும் கெட்டுப் போகாது."

"திரி கொண்டு வர்றவளுக்கு வண்டி வர்றது தெரியணும்ல? நடுவுல அந்த மரம் மறைக்குது."

"அப்ப இன்னும் மேற்க!"

மாரியம்மாள் ஒரு பக்கத்திலிருந்து தலையில் கூடையோடு வந்து பார்த்தாள். கொத்தனார் இன்னொரு பக்கத்திலிருந்து வண்டியோடு வந்தார். இருவரும் எவ்வளவு தூரத்தில் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்று கத்திச் சொல்லச் சொன்னார் டீச்சர். மறுபடி மறுபடி. ஒருவருக்கும் சாப்பாட்டு நினைவில்லை. கடைசியில் நான்கு பக்கமும் வெறிச்சென்று, ஒரு செடிகூட மறைக்காத ஒரு இடத்தில், பழைய கோடுகளையெல்லாம் காலால் அழித்துவிட்டு, சுண்ணாம்பை என் கையாலேயே தூவினேன். ஒரு பாதை, குறுக்கே இன்னொரு பாதை. பூமி பூஜையில் கொடுத்த வாக்கை அந்தப் பெண்கள் முன்னாலேயே திருப்பி வாங்கிக்கொண்டேன். "ஒரே ஒரு இடத்துல வெட்டும். அங்கன யாரா இருந்தாலும் நிக்கணும், பாக்கணும். பெறகுதான் போகணும்."

"நீங்களுமா முதலாளி?" என்றாள் மாரியம்மாள்.

"நானுந்தாம்மா."

டீச்சர் அடுத்த வருடமே வேலை மாறி ஊர்ப்பக்கம் போய்விட்டார். இப்போது எங்கே யார் தலைக்கு மேல் நடக்கிறாரோ. அந்த பயர் ஆபீசு இன்றும் ஓடுகிறது. பார்க்க வருகிற முதலாளிமார் எல்லாம் அந்த ஒரு வெட்டைக் காட்டி, "இம்புட்டுப் பெரிய இடத்துல இதத் தவிர்த்திருக்கலாமே அண்ணாச்சி, நான் பிளான் போட்டுத் தரட்டுமா?" என்கிறார்கள். போட்டுக் கொண்டுவரச் சொல்வேன். எந்த வராண்டாவில் ஒளித்திருக்கிறார்கள் என்று விரலை வைத்துக் காட்டுவேன். பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட முழிப்பார்கள். ஆகாதென்று உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்றாவது கையில் வைத்திருக்கிற முதலாளி இந்தப் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

ஆனாலும் ஆபீசுக்குப் போனால் முதலில் கால் போகிற இடம் அதுதான். மற்ற பாதைகளை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன வாரமும் வெயிலில் போய் நின்றேன். மருந்து வண்டி கிழக்கிலிருந்து வந்தது. மாரியம்மாள் திரித் தட்டோடு தெற்கிலிருந்து வந்தாள். இரண்டு பேரும் கோட்டுக்கு முன்னால் நின்றார்கள்.

"நீங்க போங்கண்ணே" என்றாள்.

"தட்டு கனக்கும், நீ போ ஆத்தா."

"உங்க வண்டியில மருந்துல்லா இருக்கு. நீங்க போங்க."

"அட, போங்கிறேன்ல!"

யாரும் நகரவில்லை. பிறகு மாரியம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு எட்டு வைத்தாள்.